தவிட்டுக்கு வாங்கின களவா

ஒரு காட்டில் ஒரு மீன் இருந்தது. காட்டில் ஏது மீன் என்று கேட்கத் துடிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். இது கடலுக்கு அடியில் இருக்கிற பவளக்காடு. அங்கே மரம் இல்லை; ஆனால் கொப்பும் கிளையுமாகப் பாறை உண்டு. புலி இல்லை, சுறா உண்டு. நரியும் இல்லை; ஆனால் நரி பார்க்கிற வேலையைப் பார்க்க ஆட்கள் நிறைய உண்டு. காடு என்று சொல்ல இதற்கு மேல் என்ன வேண்டும்?

அந்தக் காட்டிலேயே பெரிய மீன் ஒரு களவா. உழவு மாட்டுப் பருமன். உடம்பெல்லாம் கரும்புள்ளி. வாயைத் திறந்தால் கல்யாண வீட்டு அண்டா. ஆள் பார்க்கத்தான் அப்படியே தவிர, சுபாவத்தில் வாயில்லாப் பூச்சி. ஒரு பெரிய பாறைக்குள் அவளுக்கு ஒரு குகை இருந்தது. அவள் அம்மா இருந்து வாழ்ந்த குகை. அதன் வாசலில் வாலை ஆட்டிக்கொண்டு, தான் உண்டு தன் இரை உண்டு என்று இருந்தாள்.

அவள் பெயர் தவிட்டாயி.

இவ்வளவு பெரிய உடம்புக்கு இவ்வளவு மட்டமான பெயரா என்று கேட்கலாம். உடம்பு வருமுன்னே பெயர் வந்துவிட்டது, என்ன செய்வது? அவள் அம்மாவுக்குப் பிள்ளை தங்கவில்லை. இட்ட முட்டையை நீரோட்டம் கொண்டு போகும். பொரித்த குஞ்சைப் போகிறவன் வருகிறவன் எல்லாம் தின்பான். கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதன்மேலும் எமன் கண் வைக்குமுன், ஊர் வழக்கப்படி ஒரு காரியம் செய்தாள். பக்கத்துப் பொந்து நண்டு வெள்ளையம்மாளைக் கூப்பிட்டு, "இந்தாக்கா, இந்தக் கழுதைய நீயே எடுத்துக்க. எனக்கு வேண்டாம்" என்று குஞ்சை நீட்டினாள்.

மேலே போன படகிலிருந்து இரையோடு இரையாகக் கொஞ்சம் தவிடு உதிர்ந்து கிடந்தது. வெள்ளையம்மாள் அதில் ஒரு பிடியைக் கொடுக்கில் அள்ளிக் கொடுத்துவிட்டுப் பிள்ளையை வாங்கினாள். வாங்கின சூட்டோடு, "என் பிள்ளைய நீ வளத்துக் குடுடி" என்று திருப்பி நீட்டினாள். இவளும் முகத்தைச் சுளித்துக்கொண்டே வாங்கினாள். முகத்தைச் சுளிப்பதும் சடங்கில் சேர்த்தி.

இனி எமன் வந்து, களவா வீட்டுப் பிள்ளை எங்கே என்று தேடினால் அங்கே களவா வீட்டுப் பிள்ளை இருக்காது. நண்டு வீட்டுப் பிள்ளைதான் இருக்கும். அதுவும் ஒரு பிடி தவிடு பெறுகிற பிள்ளை. இந்தச் சனியனைத் தூக்கிப்போக ஒரு எருமை வேறு கேடா என்று அவன் வந்த வழியே போய்விடுவான். அதற்காக வைத்த பெயர்தான் தவிட்டாயி. பெற்றவள் மனசில் தங்கம் என்று இருந்தது. வாயில்தான் தவிடு.

எமன் ஏமாந்தான். பிள்ளை பிழைத்தது. வளர ஆரம்பித்தது, நிறுத்தவேயில்லை. பிறகு ஒரு நாள் அம்மா தூண்டிலில் போய்விட்டாள். வெள்ளையம்மாளும் காலம் முடிந்து ஓடாகிப் போனாள். பெயர் மட்டும் நின்றது.

அந்த ஒரு பிடி தவிட்டுக்கு நன்றியாகத் தவிட்டாயி ஒரு விரதம் வைத்திருந்தாள். நண்டு தின்பதில்லை. களவாவுக்கு நண்டு என்றால் நமக்கு ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு மாதிரி. வாசனை வந்தாலே தாடை தானாகத் திறக்கும். திறந்த தாடையை இழுத்து மூடிக்கொண்டு, "அது எங்க தாய்வீட்டு ஆளுக" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இதனால் அந்தப் பாறையைச் சுற்றி நண்டுகள் கொழுத்தன. அவள் வயிற்றுக்கு அடியிலேயே குடும்பம் நடத்தின. சுறா வந்தால் அவள் நிழலுக்குள் ஓடின. பொழுது போகாவிட்டால் அவள் முதுகில் ஏறிச் சறுக்கின. அவள் சிரித்துக்கொண்டே இருப்பாள். சிரித்துக்கொண்டே இருப்பவளை உலகம் என்ன செய்யும் என்று தெரியாதா?

இப்படி இருக்கையில் பவளக்காட்டுப் பேரவை ஓர் உத்தரவு போட்டது. பேரவைத் தலைவர் ஓர் அஞ்சாலை. பாம்பு போல நீண்ட மீன்; பாறை இடுக்கில் உடம்பை வைத்துக்கொண்டு தலையை மட்டும் வெளியே நீட்டும். மூச்சு விடுவதற்காக வாயை ஓயாமல் திறந்து மூடிக்கொண்டிருக்கும். பார்க்கிறவர்கள் தலைவர் ஏதோ சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டுவார்கள். அப்படித் தலையாட்டியே பாதி உத்தரவு பிறந்துவிடும்.

உத்தரவு இதுதான். காட்டில் பொந்து, குகை, இடுக்கு வைத்திருக்கிற எல்லாரும் பெயரையும் பெயரின் பொருளையும் சொல்லி இருப்பிட அட்டை வாங்க வேண்டும். பொருள் சொல்லத் தெரியாதவர் வெளிக்கடலிலிருந்து ஒதுங்கினவர். அவருடைய பொந்து பறிக்கப்படும். பெயரின் அர்த்தத்தை வைத்தே சொந்த ஊர் மீனா, வந்தேறி மீனா என்று கண்டுபிடித்துவிடலாமாம். இந்த யோசனை யாருக்கு வந்ததோ, அவருக்கு ஒரு பொந்துக்கு நாலு பொந்தாக இருந்தது என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

பெரிய பாறையடியில் வரிசை தொடங்கியது. வரிசை என்றால் வரிசையா அது? வாலில் வாலை முட்டிக்கொண்டு நின்றார்கள். நடுவில் நுழைந்தவர்கள், "நான் அப்பவே இங்கதான் நின்னேன், இரை தின்னப் போயிருந்தேன்" என்றார்கள். தவிட்டாயியும் நின்றாள். அவள் நின்றால் பத்துப் பேர் இடம் அடைந்துபோகும் என்று பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அதற்கும் அவள் "மன்னிச்சுக்கங்க" என்று வயிற்றை எக்கிக்கொண்டாள்.

துணைக்கு இருளாயி வந்திருந்தாள். இருளாயி நீலக் கோடு போட்ட சின்ன மீன். பெரிய மீன்களின் வாய்க்குள் புகுந்து பல்லிடுக்கையும் செவுளையும் சுத்தம் செய்வது அவள் பிழைப்பு. அன்றைக்கும் தவிட்டாயி வாய்க்குள்தான் இருந்தாள். அங்கிருந்தபடியே பேசினாள்.

"எக்கா, எதுக்கு இப்படிக் கடைசியில வந்து நிக்கிற? சும்மா முன்னால போ. உன்னைப் பாத்து எவன் கேள்வி கேப்பான்?"

"எல்லாரும் நிக்கிறாகள்ல. நாம நின்னா என்ன?"

"நல்லா நில்லு. உனக்கு வாயி எதுக்குத்தான் வச்சானோ! எனக்குத் தங்க இடம் குடுக்கத்தான் போல."

வரிசையின் தலைமாட்டில் ஒரு பேய்க்கணவாய் உட்கார்ந்திருந்தது. அதுதான் அலுவலர். எட்டுக் கை இருந்தும் ஒரு வேலை ஓடாது. ஒரு கை தலையைச் சொறியும், ஒரு கை வெற்றிலை மடிக்கிற மாதிரி பாசியை மடிக்கும், மற்ற கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சும்மா இருக்கும். இரண்டாம் தடவை கேள்வி கேட்டால் மூஞ்சியில் மையைப் பீய்ச்சிவிடும். பக்கத்தில் ரேகை பிடிக்கிற எந்திரமாக ஒரு சொறிமீனை வைத்திருந்தார்கள். அதன்மேல் துடுப்பை வைத்து அழுத்த வேண்டும். சுரீர் என்று கொட்டினால் ரேகை பதிந்துவிட்டது. கொட்டாவிட்டால் மறுபடி வைக்க வேண்டும்.

"நீரோட்டம் இல்ல. ஓட்டம் வந்தாத்தான் வேலை ஓடும். போயிட்டு நாளைக்கு வாங்க" என்றது பேய்க்கணவாய்.

நாளைக்கு வந்தார்கள். அன்றைக்கு நீரோட்டம் இருந்தது, சொறிமீன் இல்லை. அதற்கு மறுநாள் சொறிமீன் இருந்தது, பேய்க்கணவாய் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தது. தவிட்டாயி விடாமல் வந்து நின்றாள். ஒரு வழியாக எல்லாம் ஒன்றுகூடின நாளில் வரிசை நகர்ந்தது.

அவளுக்கு முன்னால் ஒரு பேத்தை மீன் நின்றது. காற்றடித்த மாதிரி வயிற்றை உப்ப வைக்குமே, அந்த மீன்.

"பேரு?"

"பேத்தை."

"அர்த்தம்?"

"பேராற்றல் படைத்தவன்."

பேய்க்கணவாய் நிமிர்ந்து பார்த்தது. பேத்தை மூச்சை இழுத்து உப்பியது. "சரி, சரி, பதிஞ்சாச்சு" என்றது பேய்க்கணவாய். அதற்கு முன்னால் போன கடல் அட்டை, வாய் எது வால் எது என்று அதற்கே தெரியாது, தன் பெயருக்கு 'ஆழ்கடலின் ஆதிமூலம்' என்று சொல்லி அட்டை வாங்கிப் போனது. யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் பொய்யைக் கையோடு கொண்டு வந்திருந்தார்கள். அதனால் அடுத்தவர் பொய்யை மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

தவிட்டாயி முறை வந்தது.

"பேரு?"

"தவிட்டாயிங்க."

"அர்த்தம்?"

வாய்க்குள்ளிருந்து இருளாயி கிசுகிசுத்தாள். "'தவத்தால் பிறந்த ஆயி'ன்னு சொல்லுக்கா. எவனுக்குத் தெரியப் போவுது?"

தவிட்டாயிக்கு அது நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் பெயரைச் சொன்னதுமே அவளுக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது. அம்மா எத்தனை பயந்து வைத்த பெயர்! அதற்குப் பொய் அர்த்தம் சொன்னால் அந்தப் பயம் பொய் என்று ஆகிவிடாதா? தொண்டையைச் சரிசெய்துகொண்டு நடந்ததை நடந்தபடி சொன்னாள். பிள்ளை தங்காதது, வெள்ளையம்மாளைக் கூப்பிட்டது, ஒரு பிடி தவிடு எல்லாம். சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

வரிசை மொத்தமும் சிரித்தது. பேராற்றல் படைத்தவன் சிரித்த சிரிப்பில் காற்று இறங்கிப் போய்த் தலைகீழாக மிதந்தான்.

பேய்க்கணவாய் சிரிக்கவில்லை. அதற்கு வேலை வந்துவிட்டது. "அப்ப நீ வாங்கின பொருள்" என்றது.

"பொருளா? அது சும்மா சடங்குங்க."

"வாங்கினதுன்னு நீதானேம்மா சொன்ன? வாங்கின பொருளுக்கு வாங்கின ஆள் ஒருத்தர் இருப்பாருல்ல? அவரு வரணும். குடம் வந்து நின்னு, எனக்கு வீடு எழுதிக் குடுங்கன்னு கேட்டா எப்படிக் குடுக்கிறது?"

"நான் குடமா?"

"ரெண்டாம் தடவை கேக்காத" என்று மையைப் பீய்ச்சியது பேய்க்கணவாய். "சொந்தக்காரரைக் கூட்டிட்டு வா. அடுத்த ஆளு!"

மை கலைந்து கண் தெரிந்ததும் தவிட்டாயி நேராக வெள்ளையம்மாள் மகன் காத்தமுத்துவிடம் போனாள். அவள் வயிற்றுக்கு அடியில் பிறந்து, அவள் முதுகில் சறுக்கி விளையாடி வளர்ந்த நண்டு அவன். இப்போது ஆளாகி, கொடுக்கில் ஒன்று மட்டும் பெரிதாகி, அதைத் தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டு திரிந்தான்.

"தம்பி, ஒரு வார்த்தை வந்து சொல்லிட்டுப் போயிருப்பா. சடங்குக்கு வாங்கினது, நெசமா வாங்கலைன்னு சொன்னாப் போதும். குகைய எழுதிக் குடுத்துருவாக."

காத்தமுத்துவுக்குக் கண் இரண்டும் காம்பு நுனியில். ஒரு கண் அவளைப் பார்த்தது. இன்னொரு கண் மெல்லத் திரும்பிக் குகையைப் பார்த்தது. உள்ளே எவ்வளவு ஆழம், மேலே எத்தனை மாடம் என்று பார்த்துவிட்டு அந்தக் கண்ணும் திரும்பி வந்தது.

"அதுக்கென்னக்கா! இப்பவே போவோம்."

போனார்கள். நண்டு நேராக நடக்குமா? பக்கவாட்டில் நடந்து போய்ப் பேய்க்கணவாய் முன்னால் நின்றான்.

"அய்யா, எங்கம்மா வாங்கினது நெசம். தவிடு குடுத்தது நெசம். திருப்பி வித்ததா எங்க வீட்டுல யாரும் சொல்லலீங்க. 'என் பிள்ளைய நீ வளத்துக் குடு'ன்னுதான் சொல்லியிருக்காக. வளத்தாச்சு. இன்னும் குடுக்கல."

தவிட்டாயிக்கு முதலில் அது புரியவே இல்லை. புரிந்தபோது குகை அவன் பெயரில் பதிவாகிவிட்டது. ரேகை வைக்கச் சொன்னதற்கு அவன் கொடுக்கை நீட்டினான். ஓட்டின்மேல் எந்தக் கொட்டு உறைக்கும்? சிரித்துக்கொண்டே போனான்.

அன்றைக்கே குடி வந்தான். வந்தவன் சும்மா இருந்தானா? மேல் மாடத்தைச் சிங்கி இறால்களுக்கு வாடகைக்கு விட்டான். நடு அறை அவனுக்கு. தவிட்டாயிக்கு வாசல். அதுவும் வால் மட்டும் உள்ளே, தலை வெளியே. 'அக்கா' போய் 'ஏ தவிட்டு' ஆயிற்று. "ஏ தவிட்டு, நகரு, காத்து வரல." "ஏ தவிட்டு, எனக்கு ஒரு நல்ல இறாலாப் புடிச்சிட்டு வா."

வெளியே தலை வைத்துக் கிடப்பது பெரிய மீனுக்கு விளையாட்டல்ல. சின்ன மீன் என்றால் பாசிக்குள் ஒளியலாம். உழவு மாடு எங்கே ஒளிவது? மேலே படகுகள் போகும்போதெல்லாம் தூண்டில்கள் இறங்கின. ஒரு தூண்டில் முள் அவள் உதட்டைக் கிழித்துக்கொண்டு போயிற்று. அம்மாவைக் கொண்டுபோனது அப்படி ஒரு முள்தான். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் கடல் கலங்கும், பெரிய சுறாக்கள் உள்ளே வரும். அதற்குள் குகை திரும்பக் கிடைக்காவிட்டால் அவள் கதை முடிந்தது. இது அவளுக்கும் தெரியும், அவளைப் பார்த்துச் சிரித்த எல்லாருக்கும் தெரியும்.

இருளாயி கிழிந்த உதட்டைச் சுத்தம் செய்துகொண்டே திட்டினாள். "ஒரே ஒரு முழுங்குக்கா. வாயைத் திறந்து மூடு, முடிஞ்சது."

"ச்சீ, தாய்வீட்டு ஆளடி. அவுக அம்மா தவிட்டுலதான் நான் உசிரோட இருக்கேன்."

"அவன் உன்னை வாசல்ல போட்டிருக்கான், நீ தாய்வீடுங்கிற. உன்னை மாதிரி ஆளுக இருக்கிறதுனாலதான் நண்டெல்லாம் நாட்டாமை பண்ணுது."

"நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல. தலைவர்கிட்ட போவோம்."

"போ. போய் அதையும் பாத்துட்டு வா."

அஞ்சாலை முன்னால் வழக்கு நடந்தது. காடே திரண்டு வந்திருந்தது. நியாயம் கேட்க வரவில்லை. பெரிய ஆள் ஒருத்தி சின்னப்படுவதைப் பார்க்க வந்திருந்தார்கள். தவிட்டாயி மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். அஞ்சாலை வாயைத் திறந்து திறந்து மூடியது. தலைவர் நம் பக்கம்தான் பேசுகிறார் என்று நினைத்து அவள் இன்னும் விளக்கமாகச் சொன்னாள். அது மூச்சுதான் விட்டுக்கொண்டிருந்தது.

கடைசியில் நிஜமாகவே பேசியது. "வாங்கியது வாங்கியதுதான். திருப்பி விற்றதற்குச் சாட்சி இல்லை. இவள் காத்தமுத்துவின் சொத்து. சொத்து இருந்த இடமும் சொத்துக்காரனுக்கே."

காத்தமுத்துவுக்கு அது போதவில்லை. கிடைத்த இடத்தில் இன்னும் கொஞ்சம் கேட்காவிட்டால் தூக்கம் வராத ஜாதி அது. "அய்யா, எதையும் தெளிவாப் பேசிக்கிறது நல்லது. இது பிடிக்கிற இரை யாருக்குங்க?"

"உனக்கு. சொத்து சம்பாதிப்பது சொத்துக்காரனுக்கு."

"என்னைக் கேக்காம அதுவே தின்னுருச்சுன்னா?"

"நீ தின்ற மாதிரி கணக்கு. சொத்துக்குத் தனியாகக் கையோ வாயோ கிடையாது. அது எதைச் செய்தாலும் நீ செய்தது."

"அப்ப சரி" என்று காத்தமுத்து கொடுக்கைத் தூக்கிக் கும்பிட்டான்.

தவிட்டாயி ஒரு சொல்லைக் கேட்டால் அதை அப்படியே மனசில் வாங்கிக்கொள்கிற ஆள். "நான் எதைச் செஞ்சாலும் அது அவன் செஞ்சதுங்களாய்யா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஆமாம். எத்தனை தடவை சொல்வது?"

"ஒரு தடவை போதுங்க" என்று கும்பிட்டுவிட்டு வந்தாள்.

வாடைக்காற்று தொடங்கியது. ஒரு நாள் காலையில் காத்தமுத்து பாசியைப் பல்லுக்கு வைத்துத் தேய்த்துக்கொண்டே வாசலுக்கு வந்தான். முகத்தில் பெரிய சந்தோஷம்.

"ஏ தவிட்டு, கேட்டுக்க. வெளிக்கடல் சுறா ஒருத்தரு உன்னை விலைக்குக் கேட்டிருக்காரு. முழுசா அப்படியே எடுத்துக்கிறாராம். அவரு பல்லுல மாட்டுற மிச்சம் மீதியெல்லாம் வருசத்துக்கும் எனக்குத்தான். எங்கம்மா ஒரு பிடி தவிட்டுக்கு வாங்கினது. வியாபாரம்னா இது வியாபாரம்! மத்தியானம் வர்றாரு. எங்கயும் போயிராத."

தவிட்டாயி வாலை ஆட்டுவதை நிறுத்தினாள். இருளாயி அவள் வாய்க்குள் பல்லிடுக்கில் இருந்தாள். அவளும் வேலையை நிறுத்திவிட்டாள்.

"தம்பி" என்றாள் தவிட்டாயி. "எங்கம்மா என்னைக் காப்பாத்தணும்னுதான் வித்தா. உங்கம்மாவும் காப்பாத்தணும்னுதான் வாங்குனாக. நீ இப்படிச் செய்யலாமா?"

காத்தமுத்து கொக்கரித்தான். "காப்பாத்தவா? பெத்தவளே வேண்டாம்னு தள்ளிவிட்ட சரக்கு நீ. ஒரு பிடி தவிட்டுக்கு மேல ஒருத்தியும் குடுக்கல. இன்னைக்குத்தான் உனக்கு ஒரு விலையே கிடைச்சிருக்கு. சந்தோசப்படு."

தவிட்டாயி அவன் பக்கம் முழுசாகத் திரும்பினாள். அவள் செவுள் ஒரு தடவை திறந்து மூடியது. பிறகு எப்போதும் போலப் பணிவாகவே கேட்டாள்.

"தம்பி, தலைவர் சொன்னாருல்ல, நான் தின்னா நீ தின்ன மாதிரின்னு. அது நெசந்தானா?"

"நெசந்தான். அதுக்கென்ன இப்ப?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்." பிறகு சொன்னாள்: "இருளாயி, கொஞ்சம் வெளிய வந்துரு."

இருளாயி வெளியே வந்தாள். அண்டா திறந்தது. தண்ணீர் ஒரு சுழி சுழித்தது. அண்டா மூடியது. மேல் மாடத்திலிருந்து எட்டிப் பார்த்த சிங்கி இறால்கள் அன்றைக்கே வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டன. மத்தியானம் வந்த சுறா, விற்கிறவனைக் காணாமல் குகையை எட்டிப் பார்த்தது. உள்ளே அண்டா வாய் காத்திருந்தது; அதற்கு முன்னால் தன் தலை மட்டும்தான் நுழையும், உடம்பு வெளியே மாட்டிக்கொள்ளும் என்று புரிந்து, இடம் மாறி வந்துவிட்டதாக முனகிக்கொண்டு திரும்பிப் போனது.

நண்டுகள் கூட்டமாகப் பேரவைக்கு ஓடின. பக்கவாட்டில் ஓடினாலும் சீக்கிரமாகவே ஓடின. "அய்யா, எங்க காத்தமுத்துவக் கொன்னுட்டாங்கய்யா! எங்களுக்கு நியாயம் வேணும்!"

தவிட்டாயியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வந்தாள். இருளாயி வழக்கம்போல வாய்க்குள்.

"நீ காத்தமுத்துவைத் தின்றாயா?" என்றது அஞ்சாலை.

"நான் ஏதுங்கய்யா? நான் சொத்து. எனக்குத் தனியா வாய் கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீக."

அஞ்சாலை பேய்க்கணவாயைப் பார்த்தது. பேய்க்கணவாய் தன் எட்டுக் கைகளையும் பார்த்தது. சொன்ன தீர்ப்பைக் காடே கேட்டிருந்தது, மாற்ற வழியில்லை. அஞ்சாலை தொண்டையைக் கனைத்தது. "சொத்து செய்தது சொத்துக்காரன் செய்தது. ஆகவே காத்தமுத்து தன்னைத்தானே தின்றுவிட்டான். வருந்தத்தக்க செயல். அவன்மேல் நடவடிக்கை எடுக்க அவன் இல்லை. வழக்கு முடிந்தது. இனி இந்தச் சொத்துக்கு வாரிசு யார்? முன்னால் வந்து நில்லுங்கள்."

தவிட்டாயி நண்டுகள் பக்கம் திரும்பினாள். அவளுக்குக் கொட்டாவி வந்தது. நிஜமாகவே கொட்டாவிதான், பல நாள் கழித்துக் குகைக்குள் தூங்கி எழுந்தவளுக்கு வராதா?

நண்டுக் கூட்டம் மொத்தமும் ஒரே சமயத்தில் பின்னால் நகர்ந்தது. நண்டு பின்னால் நகர்ந்ததை அந்தக் காடு அன்றைக்குத்தான் பார்த்தது. "எங்களுக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தையே இல்லீங்கய்யா" என்றது ஒன்று. "அவன் எங்க பங்காளியே இல்ல, யாரோ வெளிக்கடல் ஆளு" என்றது, சற்று முன் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுத இன்னொன்று.

"அப்படியானால்" என்றது அஞ்சாலை. அதன் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. பெரிய குகை, பெரிய மீன், எல்லாம் ஒரே வாக்கியத்தில் கிடைக்கும் போல இருந்தது. "வாரிசில்லாத சொத்து பேரவைக்கு..."

தவிட்டாயி தலைவரைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான்.

இருளாயி யாரும் கூப்பிடாமலே அவள் வாயிலிருந்து வெளியே வந்து, ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

அஞ்சாலையின் வாய் மூடியது. பிறந்ததிலிருந்து ஓயாமல் திறந்து மூடிய வாய், முதல்முறையாக மூடியபடியே இருந்தது. மூச்சு முட்டி முகம் நீலமான பிறகுதான் திறந்தது. "...சேராது" என்றது. "அம்மா யாருக்கும் சொத்து அல்ல. அம்மாவுக்குத்தான் எல்லாம் சொத்து. இதுதான் பேரவையின் ஆரம்பக் கருத்தும்."

மறுநாள் பேய்க்கணவாய் தானே குகை வாசலுக்கு வந்தது. நீரோட்டத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்த மாதிரி அத்தனை வேகம். எட்டுக் கைக்கும் வேலை இருந்தது. சொறிமீனை ஓர் ஓரமாகத் தள்ளிவிட்டு, "ரேகையெல்லாம் எதுக்குங்கம்மா, உங்களைத் தெரியாதா?" என்றது. "பேரோட அர்த்தம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா..."

"அன்னைக்கே சொன்னேனே. தவிட்டுக்கு வாங்கினது."

"அய்யய்யோ, அதை எப்படிங்கம்மா போடுறது! பெரிய வார்த்தையெல்லாம் சொல்லிக்கிட்டு..." பேய்க்கணவாய் தலையைச் சொறிந்தது. "நானே போட்டுட்டேங்கம்மா. 'தவத்தால் பிறந்த ஆயி.' பழைய சொல்லாம். பெரியவங்கள்லாம் விசாரிச்சுச் சொன்னாங்க."

இருளாயி செவுளுக்குள் இருந்து கெக்கலித்தாள். பேராற்றல் படைத்தவனும் ஆதிமூலமும் தெருவில் நின்று, "நாங்க அப்பவே சொன்னோம், அந்தம்மா முகத்துல ஒரு களை இருக்குன்னு" என்று பேசிக்கொண்டார்கள். சின்ன மீன்கள் எல்லாம் தங்கள் பிள்ளைகளுக்குத் தவிட்டாயி என்று பெயர் வைக்க ஆரம்பித்தன. தவிடு என்றால் தவம் என்று அந்தக் காட்டில் இப்போது எல்லாருக்கும் தெரியும். மாற்றிச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை.

தவிட்டாயி அம்மா இருந்த மூலையில் உடம்பைச் சாய்த்துக்கொண்டாள். பழைய பாறை, பழைய இருட்டு, மேலே படகு போகிற சத்தம் தூரத்தில் கேட்டது. இருளாயி பல்லிடுக்கிலிருந்து ஒரு நண்டுக்காலை இழுத்துப் போட்டாள்.

"எக்கா, ஒண்ணு கேக்கவா? நல்லா இருந்துச்சா?"

தவிட்டாயி ஒரு தடவை சப்புக்கொட்டினாள். "இத்தனை காலமும் விட்டுட்டேனேடி" என்றாள்.

பிறகு அம்மாவை நினைத்து அழுதாள். தண்ணீருக்குள் அழுதால் யாருக்குத் தெரியும்? அம்மா எமனை ஏமாற்றத்தான் அந்தப் பெயரை வைத்தாள். எமன் வந்தான், பெயரைக் கேட்டான், ஏமாந்து போய்விட்டான். அவன் பெரிய மனுஷன். ஆபீஸ்காரன் கேட்டான், நம்பி அவளைச் சொத்தாகவே எழுதிவிட்டான்.

நீதி: பெயருக்கு அர்த்தம் கேட்பவனிடம் வாயால் சொல்லாதே, வாயைத் திறந்து காட்டு. வாய் சிறியவர்கள் வழக்கம்போல வரிசையில் நிற்கவும்.